எதிரி பெயர்: கம்ப்யூட்டர்

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் அடியார்கள் எல்லாருக்கும் என் வணக்கம். 2007ஆம் வருஷம் ஐப்பசியில் எனக்கு ஒரு சோதனை வந்தது. அதை அப்பன் தீர்த்துவைத்த விதத்தை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிக்கவில்லை. யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காது. எதற்கு எழுந்திருக்கிறோம் என்று நினைத்தபடியே காலையில் எழுந்திருப்பேன்.

என் பெயரும் கொளஞ்சிதான். அப்பன் சன்னதியில் வேண்டிப் பெற்ற பிள்ளை. எங்கள் பக்கம் கூட்டத்தில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு ஆணும் நாலு பெண்ணும் திரும்பிப் பார்ப்பார்கள். பீங்கானில் பூப்போடுகிற கொளஞ்சி என்றால்தான் என்னைத் தெரியும். விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேலாக வரைகிறேன். டீ கோப்பை, சாஸர், பூச்சாடி எதுவானாலும் அதில் ஓடும் கொடியும் பூவும் என் டிசைன். நான் ஒன்று வரைந்து வைத்தால் அதைப் பார்த்து அஞ்சலையும் மற்றப் பெண்களும் வரிசையாக வரைவார்கள். எனக்கென்று ஜன்னலோரம் ஒரு சின்ன அறை. அதன் கதவில் முதலாளி 'டிசைன் ரூம்' என்று போர்டு மாட்டியிருந்தார். பத்தாவதோடு படிப்பு நின்றுபோனவளுக்கு அந்த போர்டு பெரிய விஷயம். காலையில் அதைப் பார்த்துவிட்டு உள்ளே நுழையும்போது முதுகு தானாக நிமிரும்.

எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பீங்கான்மேல் நாங்கள் வைக்கிற கலர் வேறு, சூளையில் வெந்து வெளியே வருகிற கலர் வேறு. நீலத்துக்கு கோபால்ட் என்று ஒரு பொடி உண்டு. கிண்ணத்தில் குழைத்தால் வெளிறிய ஊதாவாக இருக்கும், கத்தரிப்பூவைக் கசக்கிப் பாலில் போட்டது மாதிரி. அதைத்தான் தூரிகையில் தொட்டு வரைவோம். நெருப்பில் வெந்து வந்தால் நல்ல ஆழ்ந்த நீலம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குத்தான் அது ஊதா. கொஞ்ச நாளில் அவர்களுக்கும் கண் பழகிவிடும். அப்புறம் அந்தக் கிண்ணத்தைக் காட்டி, "நீலத்த இந்தப் பக்கம் தள்ளு" என்றுதான் அவர்களும் சொல்வார்கள்.

அந்த ஐப்பசியில் முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே விஷயம் சரியில்லை என்று அர்த்தம். சென்னையில் ஒரு பெரிய கடைக்காரர் பொங்கலுக்கு டீ செட் கேட்கிறாராம். கையால் வரைந்தது வேண்டாமாம், டிகால் ஒட்டியதுதான் வேண்டுமாம். டிகால் என்பது படம் அச்சடித்த மெல்லிய தாள். அதைக் கோப்பையில் ஒட்டிச் சுட்டால் படம் பீங்கானில் பிடித்துக்கொள்ளும். அச்சடிப்பவர்களுக்கு டிசைனைக் கம்ப்யூட்டரில் போட்டு, சி.டி.யும் கலர் பிரிண்டும் கொடுக்க வேண்டும். பிரிண்டில் என்ன கலர் இருக்கிறதோ, சுட்ட பிறகு அதே கலர் வருகிற மாதிரி அவர்கள் மை கலந்துகொள்வார்கள்.

"கம்ப்யூட்டர நான் வாங்கிடறேன் கொளஞ்சியம்மா," என்றார் முதலாளி. "கார்த்திக முடியறதுக்குள்ள நீ டிசைன் போட்டுக் குடுத்துடு. முடியலன்னா மெட்ராஸ்லயே ஆளு வெச்சி போட்டுக்கறேங்கறாங்க. ஒரு தடவ அங்க போயிடிச்சின்னா அப்பறம் எல்லாமே அங்கதான் போவும். டிசைன் ரூம வெச்சிக்கிட்டு நான் என்னா பண்றது, நீயே சொல்லு."

நான் நகத்தில் ஒட்டியிருந்த கலரைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"உன்ன அனுப்பிட மாட்டேம்மா. பேக்கிங்ல போட்டுக்கறேன்," என்றார்.

பேக்கிங் வேலை கேவலம் என்று நான் நினைக்கவில்லை. வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற பெண்கள் இல்லாவிட்டால் எங்கள் கோப்பை எதுவும் முழுதாக ஊர் போய்ச் சேராது. ஆனால் வரையாத ஒரு நாளை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனக்குப் பிள்ளை இல்லை. என் கையிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொள்ள அந்தப் பூக்கள்தான் இருந்தன.

கம்ப்யூட்டர் வந்தது. மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினோம். ஊரில் ஒரு சென்டரில் சாயங்கால வகுப்பிலும் சேர்ந்தேன். கோரல் என்கிற டிசைன் சாஃப்ட்வேரில் கட்டம் போடவும், வட்டம் போடவும், பெயர் அடிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். கட்டம் எனக்கு வந்தது. கொடி வரவில்லை. மௌஸைப் பிடித்து ஒரு தண்டு வரைந்தால், ஆடு மேய்ந்துவிட்டுப் போன வேலி மாதிரி இருந்தது. தூரிகையை அழுத்தினால் கோடு தடிக்கும், தூக்கினால் மெலியும். அதில்தான் இலைக்கு உயிர் வரும். மௌஸை எவ்வளவு அழுத்தினாலும் அது கண்டுகொள்ளவே இல்லை. அழுத்தி அழுத்தி என் மணிக்கட்டுதான் வீங்கியது.

இன்னொரு கூத்தும் நடந்தது. நாங்கள் வரையும்போது கோப்பையைச் சுழல் மேசையில் வைத்து இடது கையால் திருப்பிக்கொண்டே வரைவோம். பழக்க தோஷம், நான் மானிட்டரைப் பிடித்துத் திருப்பினேன். பின்னால் வயர் பிடுங்கிக்கொண்டு எல்லாம் இருட்டாகிவிட்டது. அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

முதலாளி கதவருகில் நின்று, "எப்படிம்மா போவுது?" என்று தினமும் கேட்பார்.

"போயிட்டிருக்குதுங்க," என்பேன்.

அவர் நம்பிவிட்டுப் போவார். அவர் நம்புவதுதான் எனக்குத் தாங்கவில்லை. முடியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வகுப்பிலும் கேட்கவில்லை, அஞ்சலையிடமும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கைராசிக்காரி என்று பெயர் வாங்கியவள், ஒரு தண்டு போட வரவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வாள்?

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் வேப்பூரில் ரோட்டோர ஓட்டலில் புரோட்டா மாஸ்டர். லாரிக்காரர்களோடு பேசிப் பேசி எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பார்.

"மூட்ட மாவ ஒத்த கையால பெசையறேன் நானு. நீ ஒரு கைப்புடி மௌஸுக்குப் போயி அழுவற," என்றார். என் மணிக்கட்டைப் பார்த்த பிறகு குரல் மாறிவிட்டது. எண்ணெயைச் சூடு பண்ணித் தடவிக்கொண்டே, "மனுசங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்தா சாமிகிட்ட சொல்லு. போயி பிராது கட்டிட்டு வா," என்றார்.

மணவாளநல்லூரில் அப்பனிடம் பிராது கட்டுவது நம்மவர்களுக்குத் தெரியும். வெளியூர் அடியார்களுக்காகச் சொல்கிறேன். போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுப்பது போல, நம் குறையைக் கொளஞ்சியப்பருக்கு எழுதிக் கொடுக்கலாம். அதை சன்னதியில் வைத்து, திருநீற்றோடு பொட்டலமாக மடித்துத் தருவார்கள். முனியப்பர் சன்னதி வேலில் கொண்டுபோய்க் கட்டிவிட வேண்டும். குறை தீர்ந்ததும் திரும்ப வந்து பிராதை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆடு திருடு போனதற்கும், பங்காளி வரப்பை வெட்டியதற்கும், கல்யாணம் தட்டிப் போவதற்கும் கட்டுவார்கள். கம்ப்யூட்டருக்கு யாரும் கட்டி நான் கேள்விப்பட்டதில்லை.

ஒரு கிருத்திகை நாள். நல்ல கூட்டம். நான் எழுதியதை வாங்கிப் பார்த்த கோயில் எழுத்தர், ஒரு பெரியவர், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"எதிரி பேரு எழுதலியேம்மா."

"ஆளு யாரும் இல்லீங்க," என்றேன் மெல்ல.

"ஆளு இல்லாம எப்படிம்மா பிராது? யாரால ஒனக்குக் கஷ்டம்?"

வரிசையில் பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். என்னால் அங்கே நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியவில்லை. "கம்ப்யூட்டருங்க," என்றேன்.

"யாரு?" அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது.

"கம்ப்யூட்டருங்க," என்று உரக்கச் சொன்னேன். "பீங்கான் கம்பெனியில படம் வரையறேன். அது என் கைக்குக் கட்டுப்பட மாட்டேங்குது. ஒரு தண்டு போட வரல. டிசைன் குடுக்கலன்னா என் வேல போயிடும்."

வரிசையில் சிரிப்பு கிளம்பியது. பெரியவர் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து, எதிரி என்ற இடத்தில் 'கம்ப்யூட்டர்' என்று நிதானமாக எழுதினார். பிறகு தலையைத் தூக்கி, "இருப்பிடம்?" என்று கேட்டார்.

"செராமிக் எஸ்டேட்டுங்க," என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். அந்த இடத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

எனக்குப் பின்னால் என் வயதுக்காரர் ஒருவர் நின்றிருந்தார். அவரிடமும் பெரியவர் எதிரி யார் என்று கேட்டார். அவர் குனிந்து, "மச்சானுங்க," என்று சொன்னது என் காதில் விழுந்தது. வேலில் பொட்டலத்தைக் கட்டும்போது அவரும் பக்கத்தில் வந்து கட்டினார். கட்டி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அங்க சொன்னது காதுல வுழுந்துச்சு," என்றார். "பாலக்கரையில ஸ்டுடியோ வெச்சிருக்கறேன். எம்பேரு பாஸ்கர். எங்கிட்ட ஒரு பேனா இருக்குது. கம்ப்யூட்டர்ல வரையற பேனா."

கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"நெசமாத்தான்க்கா. செலேட்டு மாதிரி ஒரு பலக, கூட ஒரு பேனா. பலக மேல வரைஞ்சா டிவியில வரும். சிங்கப்பூர்லேர்ந்து குடுத்தனுப்புனாங்க. நமக்கு அதுக்கெல்லாம் கை வராது. பெட்டியிலயே கெடக்குது. வந்து பாருங்களேன்."

கோயிலிலிருந்து நேராக பாலக்கரைக்குப் போனேன். கண்ணாடி அலமாரிக்கு மேலே இருந்து அவர் இறக்கிய பெட்டியில் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. கை வராது என்று சொன்னவர் அதைப் பிரித்தே பார்க்கவில்லை என்று தெரிந்தது. நான் கேட்கவில்லை. அவர் கத்தியால் டேப்பைக் கிழித்து, வயரைச் சொருகி, ஏதேதோ தட்டி, பேனாவை என் கையில் கொடுத்தார்.

பலகைமேல் ஒரு கோடு இழுத்தேன். மெலிசாக ஆரம்பித்தது. அழுத்தினேன், தடித்தது. தூக்கினேன், மெலிந்து ஊசிமுனையாக முடிந்தது. அது ஒரு இலை. அதன் பக்கத்தில் இன்னொன்று போட்டேன். அப்பனே, கொளஞ்சியப்பா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கண்ணீர் அந்தப் பலகைமேலேயே சொட்டியது. பாஸ்கர் பதறிப்போய், "அக்கா, தண்ணி பட்டா கெட்டுடும்," என்று துண்டை எடுத்துத் துடைத்தார்.

பிராது கட்டிய வேலில் முடிச்சுகூட இறுகியிருக்காது. அதற்குள் பதில் என் கையில் இருந்தது. பெரியவருக்குக் காது நன்றாகக் கேட்டிருந்தால் நான் உரக்கச் சொல்லியிருக்க மாட்டேன். உரக்கச் சொல்லாவிட்டால் பாஸ்கர் காதில் விழுந்திருக்காது. இதை யார் ஏற்பாடு செய்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாடகையாக ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றதற்கு, "சாமி எடத்துல பேசுனதுக்கா," என்று மறுத்துவிட்டார். மறுநாள் அவரே கம்பெனிக்கு வந்து அதை என் கம்ப்யூட்டரில் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதோடு எல்லாம் சுபம் என்று நினைத்தால் அதுதான் இல்லை. இருபது வருஷமாக என் கண் தூரிகை முனையைத்தான் பார்த்தது. இங்கே கை கீழே பலகையில் வரைகிறது, கோடு மேலே மானிட்டரில் வருகிறது. கையைப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. மேலே பார்த்தால் கை எங்கே போகிறது என்று தெரியவில்லை. அஞ்சலை ஒரு வழி கண்டுபிடித்தாள். பேக்கிங்கிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து, பக்கத்தில் ஓட்டை போட்டு, பலகைமேல் கவிழ்த்துவிட்டாள். கையை ஓட்டைக்குள் விட்டு வரைய வேண்டும். கண்ணுக்குப் பார்க்க ஒன்றும் இல்லாததால் அது தானாக மேலே போனது.

முதலாளி வந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டார். "கைக்கு என்னாம்மா ஆச்சி?" என்றார்.

"ஒண்ணும் இல்லீங்க. கண்ணு அது பக்கம் போவாம மூடி வெச்சிருக்குது," என்றாள் அஞ்சலை. அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

பெட்டியை எடுத்துவிட்டு வரையும் நாளும் வந்தது. எங்கள் வீட்டு வேலியில் சங்குப்பூக் கொடி படர்ந்து கிடக்கிறது. கறுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற அந்த நீலம் எனக்கு எப்போதும் பிடிக்கும். அதைத்தான் வரைந்தேன். கோப்பையின் கைப்பிடியில் தொடங்கி ஒரு சுற்றுச் சுற்றி வரும் கொடி. சாஸரில் நடுவே ஒரு பூ, ஓரத்தில் ஒரு மொட்டு. இலைக்குப் பச்சை வைத்தேன். பூவுக்கெல்லாம் நீலம் வைத்தேன். அப்பன் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. சாப்பாட்டு மணி அடித்தது கூடக் காதில் விழவில்லை.

முதலாளி பார்த்தார். "நீலம் எடுப்பா இருக்குதும்மா," என்றார். அஞ்சலை பார்த்தாள். "வூட்டு வேலியில பறிச்சி வெச்ச மாதிரி இருக்குதுக்கா," என்றாள். சூளை பார்க்கிறவர் வந்தார். அவரும் நீலம் அருமை என்றார். பாஸ்கர் ஸ்டுடியோவில் கலர் பிரிண்ட் போட்டு, சி.டி.யில் ஏற்றிக் கொடுத்தார். மறுநாள் காலை பஸ்ஸில் முதலாளி சென்னைக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு.

பிரிண்டை அப்பன் காலடியில் வைத்து எடுத்துவர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சாயங்காலம் மணவாளநல்லூருக்குப் போனேன். குருக்கள் பிரிண்டை வாங்கி சன்னதியில் வைத்தார். அர்ச்சனை முடித்து, அதன்மேல் திருநீற்றையும் ஒரு பூவையும் வைத்து என் கையில் கொடுத்தார். யாரோ ஒரு அம்மா வேலியில் பறித்துக் கூடையோடு கொண்டுவந்திருந்த பூ அது. சங்குப்பூ.

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

பூ நீலமாக இருந்தது. அதற்கு அடியில் என் பூ ஊதாவாக இருந்தது. வெளிறிய ஊதா. கிண்ணத்தில் குழைத்த கோபால்ட். சூளைக்குப் போகாத கலர்.

காகிதம் எந்தச் சூளைக்குப் போகும்? நான் கம்ப்யூட்டரில் கலரைத் தேடும்போது, என் கை வழக்கம்போல் கிண்ணத்துக் கலருக்குத்தான் போயிருக்கிறது. வெந்தால் நீலமாகிவிடும் என்று என் கண் தானாகவே நினைத்துக்கொண்டது. என் கண் மட்டும் இல்லை. முதலாளி கண், அஞ்சலை கண், சூளைக்காரர் கண், எல்லாம் பீங்கான் கண். ஊதாவைப் பார்த்து அத்தனை பேரும் நீலம் அருமை என்று சொல்லியிருக்கிறோம். அந்த பிரிண்ட் அப்படியே போயிருந்தால் அச்சடிப்பவர்கள் அதே ஊதாவைத்தான் கொண்டுவந்திருப்பார்கள். சங்குப்பூவின் நிறம் தெரியாதவள் என்று கடைக்காரர் சிரித்திருப்பார். டிசைன் ரூம் அன்றோடு சரி.

அடியார்களே, அப்பன் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. பூவை எடுத்துப் படத்தின்மேல் வைத்தார், அவ்வளவுதான். நான் பார்த்துக்கொண்டேன்.

பாலக்கரைக்கு ஓடினேன். போன நேரம் கரண்ட் இல்லை. பாஸ்கர் வாசலில் விசிறிக்கொண்டு நின்றார். பூவையும் பிரிண்டையும் காட்டினேன்.

"நானும் பாத்தேன்க்கா," என்றார் தலையைச் சொறிந்துகொண்டு. "ஊதா சங்குப்பூவும் உண்டேன்னு வுட்டுட்டேன். வரைஞ்சவங்களுக்குத் தெரியாதான்னு நெனச்சேன்."

கரண்ட் வரும்வரை அந்த வாசல்படியில் உட்கார்ந்து 'கொளஞ்சியப்பா' என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கொடி முழுக்க எத்தனை பூ, எத்தனை மொட்டு, ஒவ்வொன்றாக மறுபடி தீட்டினால் விடிந்துவிடுமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. விளக்கு எரிந்ததும் உள்ளே ஓடினோம். பாஸ்கர் கம்ப்யூட்டரில் கலர் மாற்றுகிற ஒரு சின்னக் கட்டத்தைத் திறந்து, "இந்தக் கலருக்குப் பதிலா எந்தக் கலரு, காட்டுங்கக்கா," என்றார். கையிலிருந்த பூவை மானிட்டர் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு நீலத்தைக் காட்டினேன். அவர் ஒரு தட்டுத் தட்டினார். அத்தனை பூவும் ஒரே நேரத்தில் நீலமாகிவிட்டன.

இதைச் சொன்னால் மற்றவர்களுக்குச் சாதாரணமாக இருக்கலாம். எங்கள் தொழிலில் இப்படி நடக்காது. சுட்ட பிறகு எதையும் மாற்ற முடியாது. ஒரு இலை தவறினால் தவறியதுதான், கம்பெனிக்குப் பின்னால் உடைத்துக் கொட்ட வேண்டியதுதான். தவறிவிடுமோ என்ற பயத்திலேயே இருபது வருஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்திருக்கிறேன். எதிரி என்று நான் எழுதிக்கொடுத்த அந்தக் கம்ப்யூட்டர் என்னைப் பார்த்து, பரவாயில்லை, இன்னொரு தரம் போடு என்றது. அப்படி ஒரு வார்த்தையை நெருப்பு என்னிடம் சொன்னதே இல்லை. அன்றைக்கு என் பயம் போனது. அப்பன் எனக்கு வேலையை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை, பயமில்லாமல் வரைகிற கையையும் கொடுத்தார்.

முதலாளி காலையில் புது பிரிண்டும் புது சி.டி.யுமாக நீலப்பூவோடு பஸ் ஏறினார். சென்னையில் பார்த்தவுடன் ஒத்துக்கொண்டார்களாம். விளிம்பில் மட்டும் ஒரு கோடு கையால் வரைந்தால் நன்றாக இருக்கும் என்று முதலாளியே கேட்டு வாங்கி வந்தார். அதனால் அஞ்சலைக்கும் மற்றப் பெண்களுக்கும் வேலை போகாமல் நிலைத்தது. மார்கழியில் டிகால் வந்தது. ஒட்டிச் சுட்டோம். சூளையைத் திறந்த அன்று நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அஞ்சலைதான் ஒரு கோப்பையை எடுத்து என் கையில் வைத்தாள். இன்னும் சூடு ஆறவில்லை. அதில் எங்கள் வீட்டு வேலிச் சங்குப்பூ அப்படியே இருந்தது.

முதல் கோப்பையையும் சாஸரையும் எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரரோடு மணவாளநல்லூருக்குப் போனேன். அவர் ஓட்டலுக்கு லீவு போட்டு வந்தார். வழியெல்லாம், "எதிரியையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்," என்று கிண்டல் செய்துகொண்டே வந்தார். பாஸ்கரைக் கோயில் வாசலில் பார்த்தோம். பேனாவைக் கொடுத்தனுப்பியதே அவர் பிராது கட்டிய அந்த மச்சான்தான் என்று அன்றைக்குத்தான் சொன்னார். நிலத் தகராறில் பேச்சு நின்றுபோய், கோபத்தில் பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருக்கிறார். நான் அதில் வரைகிறேன் என்று சொல்ல முதல் தடவையாகப் போன் போட்டாராம்.

"பேசிட்டேன்க்கா. ஆனா இன்னும் வாபஸ் வாங்கல. பாதி கோவம் இருக்குது," என்றார்.

"மீதிய அப்பன் பாத்துக்குவாரு," என்றேன்.

எழுத்தர் பெரியவருக்கு என்னை நினைவிருந்தது. பிராதை வாபஸ் வாங்க வந்திருக்கிறேன் என்றதும், பழையபடி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"எதிரி இப்ப எப்படிம்மா?"

"எங்கூடத்தான் வேல பாக்குதுங்க," என்றேன் உரக்க.

"சமாதானம்னு எழுதிக்கலாமா?"

"எழுதிக்கோங்க."

இன்றைக்கும் அதே டிசைன் ரூமில்தான் இருக்கிறேன். அஞ்சலையும் பேனா பிடிக்கிறாள். பாஸ்கரின் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கம்பெனியிலேயே ஒன்று வாங்கிவிட்டோம். மானிட்டர்மேல் உடைந்த கோப்பைத் துண்டு ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறேன், சூளையில் வெந்த நீலம். கலர் தேடும்போது அதைப் பார்த்துக்கொள்வேன். காலையில் அதற்கு ஒரு கும்பிடும் உண்டு. எனக்கு அது அப்பன் கொடுத்த பூ.

உங்களில் யாருக்காவது, இந்த வயதில் இது எனக்கு வருமா, இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று நெஞ்சுக்குள் ஒன்று கிடந்தால், ஒரு கிருத்திகை அன்று கிளம்பி வாருங்கள். எவ்வளவு சின்னக் குறையானாலும் அப்பன் தள்ளுவதில்லை. எதிரி யார் என்று பெரியவர் கேட்பார். வெட்கப்படாதீர்கள், உரக்கச் சொல்லுங்கள். சாமிக்கு மெதுவாகச் சொன்னாலே போதும். ஆனால் பின்னால் நிற்பவருக்கும் கேட்கட்டும்.